பில்லும் பின்னும்: மதர்போர்டு வாங்குவோர் கோட்டைவிடும் இடங்கள்

சென்னை அண்ணா சாலையிலிருந்து ரிச்சி தெருவுக்குள் திரும்பி, நரசிங்கபுரம் தெரு வரை நடந்தால் கடைக்குக் கடை ஒரே உரையாடல்தான் காதில் விழும். “அண்ணே, இந்த ப்ராசஸருக்கு ஒரு போர்டு குடுங்க.” “என்ன பட்ஜெட் சார்?” அதோடு பேச்சு முடிந்துவிடும். ரேம் எந்த வகை, கேபினட் என்ன அளவு, எஸ்எம்பிஎஸ்ஸில் என்னென்ன இணைப்பு இருக்கிறது என்று வாங்குபவரும் சொல்வதில்லை, விற்பவரும் கேட்பதில்லை. கால் கிலோ கத்தரிக்காயை ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொத்தை பார்ப்பவர், எட்டாயிரம் ரூபாய் மதர்போர்டைப் பெட்டியைக்கூடத் திறக்காமல் பையில் போட்டுக்கொண்டு கிளம்புகிறார். பில் என்ற பெயரில் அவர் கையில் இருப்பது ‘எஸ்டிமேட்’ என்று தலைப்பிட்ட ஒரு துண்டுச் சீட்டு.

ஒன்பது மாதம் கழித்து ஒருநாள் திரையில் ஒன்றும் வராது. சீட்டைத் தேடினால் கிடைக்காது. கிடைத்தாலும் அதில் கடையின் ஜிஎஸ்டி எண் இருக்காது, போர்டின் சீரியல் எண்ணும் இருக்காது. கடைக்காரர் சர்வீஸ் சென்டருக்குக் கை காட்டுவார். சர்வீஸ் சென்டர் பில் கேட்கும். பலர் இந்த இடத்தில் நான்கு வார்த்தை திட்டிவிட்டு இன்னொரு போர்டு வாங்கப் போய்விடுகிறார்கள். அதே தெரு, அதே அவசரம், அதே துண்டுச் சீட்டு.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்புகளை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்தியதிலிருந்து இந்தத் தவறுக்கான வாய்ப்பு இன்னும் கூடியிருக்கிறது. நன்றாக ஓடிக்கொண்டிருந்த வீட்டுக் கணினியில் ‘இந்த பிசி விண்டோஸ் 11-க்குத் தகுதியற்றது’ என்ற வரியைப் பார்த்ததும் பதறி, “போர்டு மாத்தணும்” என்று முதலில் சொல்லும் டெக்னீஷியனின் பேச்சுக்குத் தலையாட்டிவிடுகிறார்கள்.

மாற்றத்தான் வேண்டுமா?

கடைக்குக் கிளம்பும் முன் வீட்டிலேயே பத்து நிமிடம் செலவிட வேண்டிய கேள்வி இது. விண்டோஸ் 11 கேட்பவற்றில் முக்கியமானவை மூன்று: டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி, யுஇஎஃப்ஐ முறையில் செக்யூர் பூட், பட்டியலில் உள்ள ப்ராசஸர். ப்ராசஸர் என்று வரும்போது இன்டெலில் பொதுவாக 8-ஆம் தலைமுறையிலிருந்து, ஏஎம்டியில் ரைசன் 2000 வரிசையிலிருந்து மேலே.

இவற்றில் டிபிஎம் இல்லை என்று வரும் செய்தியில்தான் பலர் ஏமாறுகிறார்கள். 8-ஆம் தலைமுறை முதலான இன்டெல் கணினிகளிலும் ரைசன் கணினிகளிலும் இந்த வசதி பெரும்பாலும் உள்ளேயே இருக்கிறது. பயாஸில் அணைத்து வைக்கப்பட்டிருக்கும், அவ்வளவுதான். இன்டெல் போர்டுகளில் பிடிடி என்றும் ஏஎம்டி போர்டுகளில் எஃப்டிபிஎம் என்றும் அதற்குப் பெயர். பயாஸுக்குள் போய் இயக்கிவிட்டு, மைக்ரோசாஃப்ட் தரும் ‘பிசி ஹெல்த் செக்’ செயலியை ஓட்டிப் பார்த்தால் போதும். ஒரு ரூபாய் செலவில்லாத வேலைக்குப் பதினைந்தாயிரம் ரூபாய் அழுதவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள்.

ப்ராசஸரே பழையது என்றால் மாற்றம் தவிர்க்க முடியாதது. அப்போதும் தலைபோகிற அவசரம் வேண்டாம். வீட்டுப் பயனாளிகளுக்கு விண்டோஸ் 10-இன் நீட்டிக்கப்பட்ட பாதுகாப்புத் திட்டத்தை 2026 அக்டோபர் 13 வரை மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. செட்டிங்ஸை மைக்ரோசாஃப்ட் கணக்கில் பேக்கப் செய்பவர்கள் பணம் கட்டாமலே அதில் சேர வழி வைத்தது.

துளை பொருந்தினால் போதாது

“சாக்கெட் ஒண்ணுதான் சார், உட்காரும்.” கடைகளில் அதிகம் கேட்கும் வாக்கியம் இது. அதிக நஷ்டம் தந்த வாக்கியமும் இதுதான். எல்ஜிஏ 1151 என்ற ஒரே பெயரில் இன்டெலின் 6, 7-ஆம் தலைமுறைகளும் வந்தன, 8, 9-ஆம் தலைமுறைகளும் வந்தன. முந்தையவற்றுக்கு 100, 200 வரிசைச் சிப்செட். பிந்தையவற்றுக்கு 300 வரிசை. ப்ராசஸர் சாக்கெட்டில் அழகாக உட்காரும், ஆனால் இயங்காது. எல்ஜிஏ 1200-லும் இதே கதை: 10-ஆம் தலைமுறைக்கு வந்த எச்410, பி460 சிப்செட்டுகளில் 11-ஆம் தலைமுறைக்கு இன்டெல் ஆதரவு தரவில்லை. ஆகவே சாக்கெட்டின் பெயரைக் கேட்பதோடு நிறுத்தக் கூடாது. போர்டின் முழு மாடல் பெயரை எழுதிக்கொண்டு, அதைத் தயாரித்த நிறுவனத்தின் இணையதளத்தில் ‘சிபியு சப்போர்ட்’ பட்டியலைத் திறந்து, தன் ப்ராசஸரின் பெயரையும் அதன் எதிரே உள்ள பயாஸ் பதிப்பு எண்ணையும் பார்க்க வேண்டும். பட்டியலில் பெயர் இல்லையென்றால் கடைக்காரர் எவ்வளவு அடித்துச் சொன்னாலும் வாங்கக் கூடாது.

அந்தப் பயாஸ் எண்ணைப் பலர் கண்டுகொள்வதே இல்லை. ரைசன் 5000 வரிசை ப்ராசஸரை பி450 போர்டில் போட முடியும், ஆனால் புதிய பயாஸ் ஏற்றியிருக்க வேண்டும். கடை அலமாரியில் இரண்டு வருடம் கிடந்த போர்டில் அது இருக்காது. ப்ராசஸர் இல்லாமலே பென் டிரைவிலிருந்து பயாஸ் ஏற்றும் வசதி போர்டில் இருந்தால் தப்பிக்கலாம். இல்லாவிட்டால் வாங்கும் கடையிலேயே ஏற்றித் தரச் சொல்ல வேண்டும். இன்டெல் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் ப்ராசஸர்களில் மின்னழுத்தக் கோளாறால் சில்லு நிரந்தரமாகப் பாதிக்கப்படும் சிக்கல் 2024-இல் வெளியே வந்தது. ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் மைக்ரோகோடு திருத்தங்களை வெளியிட்ட இன்டெல், பாதிப்புக்கு உள்ளாகும் மாடல்களுக்கு வாரண்டியை இரண்டு வருடம் நீட்டித்தது. அந்தத் திருத்தம் கணினிக்குள் வந்து சேரும் முக்கிய வழி மதர்போர்டின் பயாஸ்தான். அந்த ப்ராசஸர்களைப் பழைய இருப்புப் போர்டில் போட்டு, பயாஸைத் தொடாமல் ஓட்டுபவர் தெரிந்தே ஆபத்தை விலைக்கு வாங்குகிறார்.

ரேமிலும் கவனம் வேண்டும். எல்ஜிஏ 1700 சாக்கெட்டுக்கு டிடிஆர்4 போர்டும் உண்டு, டிடிஆர்5 போர்டும் உண்டு. பெயரில் ஓரிரு எழுத்துதான் வித்தியாசம் இருக்கும். ஏஎம்டியின் ஏஎம்5, இன்டெலின் எல்ஜிஏ 1851 இரண்டிலும் டிடிஆர்5 மட்டுமே. ரேமின் நடுவே உள்ள வெட்டு வேறு இடத்தில் இருப்பதால் மாற்றிச் செருக முடியாது. 2025 இறுதியிலிருந்து ரேம் விலை ஏறிக் கிடக்கும் காலத்தில், கையில் நல்ல டிடிஆர்4 ரேம் வைத்திருப்பவர் அதை ஏற்கும் போர்டைத் தேடுவது புத்திசாலித்தனம்.

இன்னொரு வேடிக்கையும் அடிக்கடி நடக்கிறது. இன்டெல் ப்ராசஸர் பெயரின் கடைசியில் ‘எஃப்’ இருந்தால் அதில் உள்ளமைந்த கிராஃபிக்ஸ் கிடையாது. ஆயிரம் இரண்டாயிரம் குறைகிறதே என்று அதை வாங்கி, கிராஃபிக்ஸ் கார்டும் இல்லாமல், போர்டின் எச்டிஎம்ஐ துளையில் கேபிளைச் செருகி “போர்டு டெட்” என்று கடைக்கு ஓடி வருகிறார்கள். ஏஎம்4 சாக்கெட்டில் ஜி எழுத்து இல்லாத பெரும்பாலான ரைசன்களும் இப்படித்தான்.

கேபினட், எஸ்எம்பிஎஸ் பற்றியும் ஒரு வார்த்தை. ஏடிஎக்ஸ் போர்டின் அளவு 305 × 244 மில்லிமீட்டர், மைக்ரோ ஏடிஎக்ஸ் 244 × 244. வீட்டில் இருக்கும் கேபினட்டை அளந்துவிட்டுப் போக வேண்டும். பழைய எஸ்எம்பிஎஸ்களில் ப்ராசஸருக்கு நான்கு பின் இணைப்பு மட்டும் இருக்கும், புதிய போர்டுகள் பலவும் எட்டு பின் கேட்கும். நிறுவனப் பெயரோடு முழுதாக வாங்கிய ‘பிராண்டட்’ கணினி என்றால் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். பலவற்றில் எஸ்எம்பிஎஸ் இணைப்பும், முன்பக்க சுவிட்ச் இணைப்பும், திருகுத் துளைகளும் அந்த நிறுவனத்துக்கே உரியவை. வெளியில் வாங்கிய போர்டு அதற்குள் உட்காராது.

‘புது’ போர்டு, பதினைந்து வயது

மலிவு விலையில் பளபளக்கும் பெட்டியில் எச்61, எச்81 போர்டுகள் இன்றும் ‘பிராண்ட் நியூ’ என்று விற்கப்படுகின்றன. பெட்டி புதிதுதான், தொழில்நுட்பம் கிழம். எச்61 சிப்செட் 2011-இல் வந்தது. இன்டெலின் 2, 3-ஆம் தலைமுறைகளுக்கும் டிடிஆர்3 ரேமுக்குமானது. எச்81 அதற்கு அடுத்த 4-ஆம் தலைமுறைக்கு. பழைய ப்ராசஸர் கையில் இருக்கிறது, போர்டு மட்டும் போய்விட்டது, பிள்ளை தட்டச்சுப் பழக ஒரு கணினி வேண்டும் என்பவருக்கு இது ஒருவேளை உதவலாம். ‘அப்கிரேட்’ என்ற பெயரில் யாராவது இதை நீட்டினால் அங்கிருந்து நகர்ந்துவிட வேண்டும். விண்டோஸ் 11-இன் அதிகாரப்பூர்வப் பட்டியலுக்குள் இந்த ப்ராசஸர்கள் எந்த வழியிலும் வராது.

பெட்டியில் தயாரிப்பாளரின் இணையதள முகவரி இல்லையா, இருந்தும் அங்கே பயாஸ் பக்கமே இல்லையா, அந்தப் போர்டின் வாரண்டி கடைக்காரரின் வாய்ச்சொல்தான். கடை காலியானால் வாரண்டியும் காலி.

இன்று வீட்டுக் கணினிக்கு வாங்குபவர் குழம்பத் தேவையில்லை. அலுவலக வேலை, இணையம், படிப்பு என்றால் இன்டெலில் எச்610, ஏஎம்டியில் ஏ520 அல்லது ஏ620 தாங்கும். எச்610-இல் ரேம் துளை இரண்டுதான் என்பதைத் தெரிந்துகொண்டு வாங்க வேண்டும். வீடியோ எடிட்டிங், விளையாட்டு, நான்கு ரேம், இரண்டு எம்.2 எஸ்எஸ்டி என்று போகிறவர் பி760, பி550, பி650 பக்கம் பார்க்க வேண்டும். இசட்790, எக்ஸ்670 போன்றவை ஓவர்கிளாக் செய்பவர்களுக்கும் நிறைய அட்டைகளைச் செருகுபவர்களுக்கும் உரியவை. வீட்டுக்கு அது தண்டச்செலவு. அதிக வாட் இழுக்கும் ப்ராசஸர் வைத்திருப்பவர் அதற்கு மின்சாரம் தரும் விஆர்எம் பகுதியின் மேல் ஹீட்சிங்க் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். மொட்டையாக இருக்கும் போர்டில் கோடைக்கால மதியத்தில் கணினி தானாக வேகம் குறையும்.

பெட்டியில் ஒட்டியிருக்கும் சீட்டு

சட்டமுறை எடையளவு (பொட்டலப் பொருட்கள்) விதிகள், 2011 என்று ஒன்று இருக்கிறது. அரிசி, பருப்புக்கு மட்டும் அது என்று பலர் நினைக்கிறார்கள். மதர்போர்டுப் பெட்டிக்கும் அது பொருந்தும். இறக்குமதியாளரின் பெயரும் முழு முகவரியும், எந்த நாட்டில் தயாரானது, மாதமும் வருடமும், எல்லா வரிகளும் சேர்த்த அதிகபட்ச சில்லறை விலை, புகாருக்கான தொலைபேசி, மின்னஞ்சல் ஆகிய அனைத்தும் பெட்டியில் இருக்க வேண்டும்.

இந்தச் சீட்டே இல்லாத பெட்டி பெரும்பாலும் முறையான விநியோகஸ்தர் வழியாக வராத சரக்கு. துபாய், சிங்கப்பூர் சந்தைக்கு அனுப்பப்பட்டது சுற்றிக்கொண்டு வந்திருக்கலாம். அதற்கு இந்தியாவில் வாரண்டி கிடைக்குமா என்பது சந்தேகம். பெட்டியின் மேல் உள்ள சீரியல் எண்ணைக் கடையிலேயே நின்று நிறுவனத்தின் இணையதளத்தில் தட்டிப் பார்த்தால் பல நிறுவனங்களில் வாரண்டி நிலவரம் தெரிந்துவிடும். தெரியாவிட்டால், சீட்டில் உள்ள இறக்குமதியாளரின் எண்ணுக்கு ஒரு போன் போட்டுக் கேட்கலாம். கடைக்காரர் முகம் சுளிப்பார். சுளிக்கட்டும்.

சீட்டில் போட்டிருக்கும் எம்ஆர்பிக்கு மேல் வாங்குவது குற்றம். சீட்டு இல்லாத பொட்டலத்தை விற்பதும் குற்றம். தமிழ்நாட்டில் இதைக் கவனிப்பது தொழிலாளர் துறை. அந்தந்த மாவட்டத்தின் தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகத்தில், பெட்டியின் படமும் பில்லின் நகலும் இணைத்து ஒரு பக்கப் புகார் கொடுத்தால் போதும். மிட்டாய்க் கடையில் எடைக்கல்லைச் சோதிக்கும் துறை கணினிக் கடைகளின் பக்கம் எத்தனை முறை எட்டிப் பார்க்கிறது என்று கேட்கத்தான் தோன்றுகிறது. ஆனால் எழுத்தில் ஒரு புகாரும் போகாத வரை அந்தக் கேள்வியை அவர்களிடம் அழுத்திக் கேட்க முடியாது.

சீரியல் எண் இல்லாத பில்

“பில் வேணும்னா பதினெட்டு பர்சன்ட் ஏறும் சார்.” இந்த வாக்கியத்தில்தான் பெரும்பாலானோர் விழுகிறார்கள். எட்டாயிரம் ரூபாய்க்கு 1,440 ரூபாய் வரி. அதை மிச்சப்படுத்திய சந்தோஷத்தில், மூன்று வருட வாரண்டியையும், வழக்குப் போடும் உரிமையைக் காட்டும் ஒரே ஆதாரத்தையும் கடையிலேயே விட்டுவிட்டு வருகிறார்கள். பெட்டியில் உள்ள எம்ஆர்பி எல்லா வரிகளும் சேர்ந்தது என்பதால், அதற்கு மேல் ஏற்ற கடைக்காரருக்கு உரிமை இல்லை என்பதும் நினைவில் இருக்க வேண்டும்.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன் பிரிவு 2(47) பில் கொடுக்காமல் விற்பதை நியாயமற்ற வணிக நடைமுறை என்றே சொல்கிறது. அதே பிரிவு இன்னொன்றையும் சொல்கிறது: குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பதும், பில்லில் குறித்த காலத்துக்குள் பணத்தைத் திருப்பித் தராததும் நியாயமற்ற நடைமுறையே. காலம் எதுவும் குறிக்கவில்லையென்றால் 30 நாள். ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது’ என்று கொட்டை எழுத்தில் அச்சடித்து வைத்திருக்கும் கடைகளுக்கு இந்தப் பிரிவைப் படித்துக் காட்ட வேண்டும்.

சரியான பில்லில் இவ்வளவும் இருக்க வேண்டும்: கடையின் பெயர், முகவரி, 15 இலக்க ஜிஎஸ்டி எண் (தமிழ்நாட்டுக் கடை என்றால் 33 என்று தொடங்கும்), பில் எண், தேதி, வாங்குபவரின் பெயர், போர்டின் முழு மாடல் பெயர், சீரியல் எண், வரி தனியாக, மொத்தத் தொகை. ‘மதர்போர்டு — 1’ என்று மட்டும் எழுதிய பில்லை வைத்துக்கொண்டு எதையும் நிரூபிக்க முடியாது. எந்தப் போர்டு, யார் விற்றது என்ற கேள்விக்கு அந்தத் தாளில் பதில் இல்லை. சிறு கடை காம்போசிஷன் திட்டத்தில் இருந்தால் வரியைத் தனியாகக் காட்டாமல் ‘பில் ஆஃப் சப்ளை’ கொடுக்கும். அது செல்லும். ஆனால் அதிலும் சீரியல் எண் வேண்டும். கடையின் ஜிஎஸ்டி எண் உண்மையானதா என்று ஜிஎஸ்டி இணையதளத்தில் இலவசமாகத் தேடிப் பார்க்கலாம். பணத்தை யுபிஐயில் அந்தக் கடையின் கணக்குக்கே அனுப்ப வேண்டும். கவுன்டரில் நிற்கும் பையனின் சொந்த எண்ணுக்கு அனுப்பினால் அது கடைக்குக் கொடுத்த பணம் என்று பிறகு மெனக்கெட்டு நிரூபிக்க வேண்டியிருக்கும். தெர்மல் தாளில் வரும் பில் ஆறு மாதத்தில் வெளிறிவிடும். அன்றைக்கே படம் எடுத்துத் தனக்குத் தானே மின்னஞ்சலில் அனுப்பிவிட வேண்டும்.

மறுபடியும்: சீரியல் எண் இல்லாத பில்லை வாங்கிக்கொண்டு கடையைவிட்டு வெளியே வரக் கூடாது. கையால் எழுதிக் கடை முத்திரை குத்தித் தந்தாலும் சரி.

பின்னைப் படம் எடுத்த பிறகே

இன்டெலின் எல்ஜிஏ சாக்கெட்டுகளிலும் ஏஎம்டியின் ஏஎம்5-லும் பின்கள் போர்டில்தான் இருக்கின்றன. எல்ஜிஏ 1700 என்றால் ஆயிரத்து எழுநூறு பின். தலைமுடி போன்ற ஒன்று வளைந்தாலும் சர்வீஸ் சென்டரில் ‘கஸ்டமர் டேமேஜ்’ என்று ஒரே வார்த்தையில் வாரண்டி முடிந்துவிடும். வளைத்தது தொழிற்சாலையா, கடையா, அசெம்பிள் செய்த டெக்னீஷியனா, கூரியர் பையனா என்று யாரும் விசாரிக்கப் போவதில்லை. பழியெல்லாம் போர்டை வாங்கியவர் தலையில்தான் விழும்.

அதனால் கடையிலேயே பெட்டியைத் திறந்து, சாக்கெட் மூடியை அகற்றி, செல்போன் டார்ச் வெளிச்சத்தில் பின்கள் வரிசையாக இருப்பதை வீடியோ எடுக்க வேண்டும். அதே வீடியோவில் போர்டின் மேல் உள்ள சீரியல் எண்ணும் பெட்டியின் சீரியல் எண்ணும் தெரிய வேண்டும். ஒரு நிமிட வேலை. ஆன்லைனில் வாங்கினால், பொட்டலத்தைப் பிரிப்பதிலிருந்தே வெட்டாமல் வீடியோ. பிளாஸ்டிக் சாக்கெட் மூடியைக் குப்பையில் போடக் கூடாது. ஆர்எம்ஏவுக்கு, அதாவது வாரண்டியில் திருப்பி, அனுப்பும்போது அது இல்லாவிட்டால் வாங்க மறுக்கும் சென்டர்கள் இருக்கின்றன.

அசெம்பிள் செய்ய வெளியாளிடம் கொடுத்தால் அவரிடமும் ஒரு ஒப்புகைச் சீட்டு: பெறப்பட்ட பாகங்கள், சீரியல் எண்கள், கூலி. பின்னை அவர் வளைத்தால் அது சேவைக் குறைபாடு. சீட்டு இருந்தால் அவரிடம் கேட்க முடியும்.

பழையதைக் கழற்றும் முன்

போர்டை மாற்றினால் டிபிஎம்மும் மாறும். சேமிப்பகம் பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருந்தால், புதுப் போர்டில் இயக்கியதும் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்டுத் திரை நின்றுவிடும். வீட்டுப் பயனாளிகள் பலருக்குத் தங்கள் கணினி பூட்டப்பட்டிருப்பதே தெரியாது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து விண்டோஸ் 11-ஐப் புதிதாக நிறுவும்போது அது தானாகவே இயங்கியிருக்கக்கூடும். சாவி இல்லையென்றால் பத்து வருடக் குடும்பப் படங்கள் திரும்பி வராது; எந்த டெக்னீஷியனாலும் முடியாது, மைக்ரோசாஃப்ட்டாலும் முடியாது. கழற்றும் முன் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சாவி இருக்கிறதா என்று பார்த்து, தாளில் எழுதிவைத்து, பிட்லாக்கரை நிறுத்திவிட்டு, தனியாக ஒரு பேக்கப்பும் எடுத்துவிட வேண்டும். இதைச் சொன்னால் பலரும் தலையாட்டுகிறார்கள், யாரும் செய்வதில்லை. பிறகு அழுகிறார்கள்.

விண்டோஸ் உரிமமும் கவனிக்க வேண்டியது. கணினியோடு வந்த ஓஇஎம் உரிமம் பழைய போர்டோடு கட்டப்பட்டது. அப்கிரேடுக்காகப் போர்டை மாற்றினால் அது கூட வராது. தனியாக வாங்கிய ரீட்டெய்ல் உரிமம் வரும், அதை முன்கூட்டியே மைக்ரோசாஃப்ட் கணக்கோடு இணைத்துவைத்தால் வேலை சுலபம்.

கெட்டுப்போனால்: யாரிடம், எந்தத் தாளுடன்

முதலில் நிறுவனத்தின் இணையதளத்திலோ சர்வீஸ் சென்டரிலோ ஆர்எம்ஏ பதிவு. போர்டைக் கொடுக்கும்போது தரும் ‘ஜாப் ஷீட்’டில் சீரியல் எண், ஒப்படைத்த தேதி, குறையின் விவரம், ‘சாக்கெட் பின் நன்றாக உள்ளது, எரிந்த தடயம் இல்லை’ என்ற வரி ஆகியவை இருக்க வேண்டும். கடைசி வரியை எழுத மறுப்பார்கள். அங்கேயே அவர்கள் மேசையில் வைத்துப் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். அந்த வரி இல்லாததால்தான் ‘உங்க போர்டில் பின் வளைஞ்சிருக்கு’ என்று பத்து நாள் கழித்து போன் வருகிறது. நிராகரித்தால், காரணத்தை எழுத்தில் கேட்க வேண்டும். மாற்றுப் போர்டு தந்தால், அதன் புதிய சீரியல் எண்ணும் மீதமுள்ள வாரண்டிக் காலமும் எழுதிய தாளை வாங்காமல் கிளம்பக் கூடாது.

வேலை நடக்காவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலும் பேசலாம். 8800001915 என்ற வாட்ஸ்அப் எண்ணும் உண்டு. இங்கே பதியும் புகார் நேராக நிறுவனத்துக்குப் போகும். டாக்கெட் எண் கிடைக்கும். பல நிறுவனங்கள் இந்தக் கட்டத்திலேயே வழிக்கு வந்துவிடுகின்றன. ஆனால் 1915 தீர்ப்பு சொல்லும் இடமல்ல, கட்டாயப்படுத்தும் அதிகாரம் அதற்கு இல்லை. புகார் ‘முடிக்கப்பட்டது’ என்று ஒரு குறுஞ்செய்தி வந்தால் கதை முடிந்தது என்று உட்கார்ந்துவிடக் கூடாது. ஆன்லைனில் வாங்கியவர்கள் அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுத வேண்டும். 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி அவர் 48 மணி நேரத்தில் ஒப்புகை தந்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்ல வேண்டும்.

அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். இங்கே போக வேண்டும் என்றதும் பயந்து பின்வாங்குபவர்கள் சில விஷயங்களைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஐந்து லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்கு மனுக் கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயமில்லை. ரிச்சி தெருவில் வாங்கிய போர்டுக்காகத் திருநெல்வேலிக்காரர் சென்னைக்கு அலையவும் வேண்டாம். மனுதாரர் வசிக்கும் இடத்திலோ வேலை பார்க்கும் இடத்திலோ மனுச் செய்ய 2019 சட்டத்தின் பிரிவு 34 இடம் தருகிறது. இ-ஜாக்ரிதி இணையதளம் வழியாக வீட்டிலிருந்தும் மனுவைப் பதியலாம். டிடிபி கடை வைத்துத் தானே உழைத்துப் பிழைப்பவர் ‘வணிகப் பயன்பாடு’ என்று மிரட்டப்பட்டால் அசரத் தேவையில்லை. சுயதொழிலில் வயிற்றுப்பாட்டுக்காக வாங்கியதையும் சட்டம் நுகர்வோர் கணக்கில்தான் சேர்க்கிறது.

மனுவுக்கு முன் ஒரு நோட்டீஸ். சட்டம் கட்டாயப்படுத்தாவிட்டாலும் ஆணையத்தில் அது எடுபடும். வாங்கிய தேதி, சீரியல் எண், கெட்ட தேதி, சென்டருக்குப் போன நாட்கள், கேட்கும் தீர்வு, 15 நாள் கெடு ஆகியவற்றை ஒரே பக்கத்தில் எழுதி, ஒப்படைப்புச் சான்று கிடைக்கும்படி ஸ்பீடு போஸ்டில் அனுப்ப வேண்டும். மனுவில் கடை, சர்வீஸ் சென்டர், பெட்டிச் சீட்டில் உள்ள இறக்குமதியாளர் ஆகிய மூவரையும் எதிர்த்தரப்பாகச் சேர்க்க வேண்டும். ஒருவரை மட்டும் சேர்த்தால் அவர் மற்றவரைக் கை காட்டித் தப்பிப்பார். இணைக்க வேண்டியவை: பில், பெட்டிச் சீட்டின் படம், பின் வீடியோ, ஜாப் ஷீட், மின்னஞ்சல்கள், 1915 டாக்கெட், நோட்டீஸும் அதன் தபால் சான்றும், உறுதிமொழிப் பத்திரம், தேதிவாரிப் பட்டியல். குறை போர்டில்தானா என்ற சர்ச்சை வந்தால் ஆய்வகச் சோதனைக்கு அனுப்பும்படி ஆணையத்தைக் கேட்கலாம். பிரிவு 38 அதற்கு வழி வைத்திருக்கிறது.

அதே பிரிவு வழக்கை மூன்று மாதத்தில், சோதனை தேவைப்பட்டால் ஐந்து மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்கிறது. வாய்தா எத்தனை முறை விழுகிறது என்பது ஆணையத்தின் படியேறியவர்களுக்குத் தெரியும். எட்டாயிரம் ரூபாய் போர்டுக்கு ஒரு வருடம் காத்திருக்க வைத்துவிட்டு ‘விழித்திடு நுகர்வோரே’ என்று விளம்பரம் செய்வதில் அரசுக்குக் கூச்சம் இல்லை. ஆனாலும் உத்தரவு வந்த பிறகு அதை மதிக்காத எதிர்த்தரப்புக்கு ஒரு மாதம் முதல் மூன்று வருடம் வரை சிறையோ, 25,000 ரூபாய்க்குக் குறையாமல் ஒரு லட்சம் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப் பிரிவு 72 அதிகாரம் தருகிறது. அந்தப் பயத்தில்தான் பல நிறுவனங்கள் முதல் வாய்தாவிலேயே சமரசத்துக்கு வருகின்றன.

இதில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. போர்டின் வாரண்டி மூன்று வருடம் என்றாலும், மனுச் செய்யச் சட்டம் தரும் அவகாசம் வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடம். அந்த நாள் எது என்று எதிர்த்தரப்பு வாதாடும். நிராகரிப்புக் கடிதத்தில் தேதி இருந்தால் வாதத்துக்கு இடமில்லை. ஆனால் சர்வீஸ் சென்டர் கவுன்டரில், “தேதியெல்லாம் போட மாட்டோம் சார், மேலிடத்தில் கேளுங்க” என்பார்கள். அப்போது சண்டை போட வேண்டாம். அங்கேயே நின்றபடி, அவர்கள் சொன்ன காரணத்தை நான்கு வரியில் தட்டி, ஜாப் ஷீட் எண்ணைச் சேர்த்து, நிறுவனத்தின் புகார் முகவரிக்கு மின்னஞ்சல் அனுப்பிவிட்டு வெளியே வரலாம். அந்த மின்னஞ்சலில் தேதியும் நேரமும் தானாகப் பதிவாகிவிடும்.